உன் அடுக்களை எது?

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுப்பார், இரண்டாக ஒடிப்பார். ஒடிகிற சத்தத்தில் காய்ந்த பதம் தெரியும், உள்ளே இருக்கிற நிறத்தில் தரம் தெரியும். பாலிஷ் போட்டு மேலே எவ்வளவு மினுங்கினாலும் சரி, ஒடித்துப் பார்க்காமல் விலை கிடையாது. மேலாக்க இருப்பதை மட்டும் எடுக்காமல் அடியிலிருந்தும் ஒன்றை உருவிப் பார்க்கிறவர்தான் விவரமான ஆள்.

அதே மண்டிக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டு வருகிறவர் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் ஆய்வேடு எழுத உட்காரும்போது, அச்சில் வந்த வாக்கியம் எதையும் ஒடித்துப் பார்ப்பதில்லை. ‘அறிஞர்கள் கருதுகின்றனர்’ என்று எங்கேயாவது இருந்தால் மூட்டையோடு தூக்கி வந்துவிடுகிறது. எந்த அறிஞர், எப்போது, எதை வைத்துக் கருதினார்? கேள்வியே இல்லை. பல வருடமாக மாணவர்களின் கட்டுரை வரைவுகளைப் படித்துத் திருத்துகிற வேலை எனக்கு. அவர்களுக்குப் புத்தி இல்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டில், தோட்டத்தில், சந்தையில் அந்தப் புத்தி தினமும் வேலை செய்கிறது. கட்டுரை எழுத வரும்போது மட்டும் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று நாம்தான் எப்படியோ பழக்கிவிட்டோம்.

‘விமர்சனச் சிந்தனை’ என்ற பெயரே பாதிக் கெடுதல் செய்கிறது என்பது என் எண்ணம். எங்கள் பக்கம் ‘அவன் ரொம்ப விமர்சனம் பண்றானுங்க’ என்றால் நொட்டை சொல்கிறான் என்றுதான் பொருள். அதனால் விமர்சனச் சிந்தனையோடு எழுது என்று சொன்னால் மாணவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். பயந்துகொண்டு யாரையும் எதுவும் சொல்லாமல் விட்டுவிடுவார். இல்லையென்றால் முன்னால் எழுதிய ஒருவரை நாலு வரி குறை சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்பார். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1910இல் இதைப் பற்றி எழுதியபோது நொட்டை சொல்வதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நம்பிக்கை எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது, அதை ஏற்றால் அடுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்று விடாமல் கவனித்துப் பார்ப்பதைத்தான் சொன்னார். பார்த்துவிட்டு ‘சரி, இது நிற்கிறது’ என்று ஏற்றுக்கொள்வதும் அதில் சேர்த்திதான். ஒடித்துப் பார்த்த மஞ்சளை வாங்கவே கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் இதை மறக்கவில்லை. இப்போது வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் கே1, கே2 என்று கே6 வரை குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1956இல் பெஞ்சமின் ப்ளூம் தலைமையில் வகுக்கப்பட்டு 2001இல் திருத்தப்பட்ட படிநிலை அது. நினைவுகூர்தலில் தொடங்கி, புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல் என்று ஏறிப் படைத்தலில் முடியும். நாம் பேசுகிற சமாச்சாரம் கே4, கே5இல் இருக்கிறது. ஆனால் கே5 என்று போட்ட கேள்விக்கும் விடைத்தாளில் வருவது கே1தான். மதிப்பீட்டையும் நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்து எழுதினால் அது நினைவுகூர்தல் இல்லாமல் வேறென்ன?

ஆய்வேடு எழுதுகிறவர்களின் உண்மையான பயம் வேறு ஓர் எண்ணில் இருக்கிறது: 10 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனால் நடப்பது என்ன? ‘பெருகியது’ என்பதை ‘அதிகரித்தது’ என்று மாற்றுவது, வாக்கியத்தைத் தலைகீழாகப் போடுவது என்று ராத்திரி முழுக்கச் சொல் மாற்றுகிற வேலை. மென்பொருள் 8 சதவீதம் என்று காட்டியதும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அந்த மென்பொருள் சொல்லைத்தான் எண்ணும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அதற்குத் தெரியாது. சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னும் வசதி. எழுதப்படாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், வருடம், பக்க எண் போட்டுத் தருகிறது. அதைத் தேடிப் பார்க்காமல் அப்படியே ஒட்டுகிறவரும் மூட்டையோடு தூக்கி வருகிறவர்தான்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு வரைவை எடுத்துக்கொள்கிறேன்.

பெருந்துறைப் பக்கத்து மாணவி ஒருத்தி கீழ்பவானி வாய்க்காலைப் பற்றி முதுகலைத் திட்டக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். பவானிசாகர் அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. அங்கிருந்து புறப்படுகிற கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அவ்வளவுக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் காணாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஆகஸ்ட் 15 வாக்கில் திறக்கிற முதல் முறையில் பாதி ஆயக்கட்டுக்கு 120 நாள் விடுவார்கள். மீதிப் பாதிக்கு அடுத்த முறையில் விடுவார்கள். வாய்க்கால் வெட்டியது மண் வாய்க்காலாக. 2020இல் சுமார் 710 கோடி ரூபாயில் அதைக் கான்கிரீட் போட்டுச் சீரமைக்க அரசாணை வந்தது. வந்ததும் ஆயக்கட்டு இரண்டாகப் பிரிந்தது. போட்டே ஆக வேண்டும் என்று ஒரு பக்கம், போடவே கூடாது என்று ஒரு பக்கம். இரண்டு பக்கமும் விவசாயிகள்தான்.

அவள் வரைவின் முதல் பக்கத்தில் இருந்தது இது: ‘மண் வாய்க்காலில் கசிவின் மூலம் பெருமளவு நீர் வீணாகிறது. எனவே கான்கிரீட் தளம் அமைத்தால் நீர் சேமிக்கப்பட்டு விவசாயிகள் பெரிதும் பயன்பெறுவர் என்றால் அது மிகையாகாது.’

“இதுல எத்தனை பேச்சு இருக்குது கண்ணு?” என்று கேட்டேன்.

“ஒன்னுதானுங்க சார். கான்கிரீட் நல்லதுன்னு.”

உட்கார்ந்து எண்ணினோம். வாய்க்கால் கசிகிறது என்பது ஒன்று. கசிவது பெருமளவு என்பது இரண்டு. அப்படிக் கசிவது வீண் என்பது மூன்று. கான்கிரீட் போட்டால் கசிவு நிற்கும் என்பது நான்கு. நின்ற தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேரும் என்பது ஐந்து. அதனால் விவசாயிகளுக்குப் பயன் என்பது ஆறு. ஒரே மூச்சில் சொன்னதால் ஒன்று போலத் தெரிந்தது. முதலாவதுக்குப் பெரிய ஆதாரம் வேண்டாம், போய்ப் பார்த்தாலே தெரியும். இரண்டாவதுக்கு ஓர் அளவு வேண்டும், யார் எங்கே அளந்தார்கள் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் இருப்பதிலேயே சுவாரசியமானது. அது தகவல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்த ஓர் அபிப்பிராயம்.

“கசியற தண்ணி எங்க போகும்?”

“பூமிக்குள்ளதானுங்க சார்.”

“பூமிக்குள்ள போயி?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “எங்க அப்பாரு கெணத்துக்குத்தானுங்க வருது.”

வாய்க்காலை நிர்வாகம் செய்கிற பொறியாளரின் கணக்கில், அணையில் விட்டது மதகுக்கு வந்து சேரவில்லை என்றால் அது இழப்பு. ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே கணக்காகப் பார்க்கிற நீரியல் வல்லுநர் வேறு மாதிரி பார்ப்பார். ஆவியாகிப் போனது இழப்பு, உப்பு நீரோடு கலந்து யாருக்கும் உதவாமல் போனது இழப்பு. ஆனால் கசிந்து கிணற்றுக்கு வந்து மறுபடி மோட்டார் போட்டு இறைக்கிற தண்ணீர் இழப்பு ஆகாது, அது கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கணக்கும் பொய்யில்லை. எந்தக் கணக்கை வைத்துப் பேசுகிறேன் என்று எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும். ‘வீண்’ என்ற ஒரு சொல்லைப் போட்டதில், அவள் தன்னை அறியாமலே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

ஆறாவதுக்கு வந்தோம். எந்த விவசாயிக்குப் பயன்? இங்கேதான் எனக்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அப்பாருக்கு நிலம் வாய்க்காலை ஒட்டி, கிணற்றுப் பாசனமும் உண்டு. அவர் கான்கிரீட் கூடாது என்கிற ஆள். அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு நிலம் சிவகிரியைத் தாண்டிக் கடைமடைப் பக்கம். “தண்ணி தொறந்து எத்தனையோ நாள் கழிச்சுத்தானுங்க அங்க வந்து சேரும். அவரு கான்கிரீட் போட்டே ஆகோணும்ங்கறாரு. பொங்கலுக்கு எல்லாரும் கூடுனா இதே சண்டைதானுங்க சார்.”

“அப்ப இதைக் கட்டுரையில எழுதலயே?”

“அதெல்லாம் வீட்டுப் பேச்சுங்களே சார்.”

முப்பது பக்கக் கட்டுரையில் இல்லாத ஆய்வுப் பிரச்சினை, பொங்கலன்று வீட்டுக் கூடத்தில் நடக்கிற சண்டையில் முழுசாக இருக்கிறது. நீர் யாருக்குச் சேமிக்கப்படுகிறது, யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது, மேல்மடைக்காரரின் கிணற்றுக்கும் கடைமடைக்காரரின் வயலுக்கும் நடுவில் நியாயம் எப்படிப் பிரிப்பது என்று எல்லாமே அங்கே பேசப்பட்டிருக்கிறது. அவள் அதைக் கேட்டு வளர்ந்தவள். கட்டுரையில் அது வந்தால் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

பத்து நாள் கழித்து இரண்டாம் வரைவு வந்தது. அதில் ஆள் தலைகீழாக மாறியிருந்தாள். ‘கான்கிரீட் அமைத்தால் கிணறுகள் வற்றிவிடும் என்பதில் ஐயமில்லை.’ ஆதாரம், நாற்பது விவசாயிகளிடம் எடுத்த பேட்டி. நாற்பது பேரும் அப்பாரு ஊர்க்காரர்கள். முன்பு ஒரு பக்கத்து மூட்டையைத் தூக்கி வந்தவள் இப்போது மறுபக்கத்து மூட்டையைத் தூக்கி வந்திருந்தாள். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோவது. எதிர்ப்பக்கம் பேசிவிட்டாலே சிந்தித்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் சொல்லிக் கொடுக்கிற பகுதி இருக்கிறது. கதை படிக்கிறவர்கள் வேகமாகப் புரட்டிவிடும் பகுதி அது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது ‘பக்கம்’, அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ஏனென்றால் புகை இருக்கிறது என்பது ‘ஏது’, காரணம். அடுக்களை போல என்பது ‘திட்டாந்தம்’, எடுத்துக்காட்டு. புகையும் நெருப்பும் சேர்ந்து இருப்பதை நாம் கண்ணால் கண்ட இடம் அடுக்களை. அதைக் கண்டிருப்பதால்தான் ஏறிப் பார்க்காத மலையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது. பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல், ஒரு வாதத்தில் முடிவும் ஆதாரமும் மட்டும் போதாது, இந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்குப் போக அனுமதிக்கிற பாலம் ஒன்று வேண்டும் என்றார். மாணவர்களுக்கு டூல்மினைச் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அடுக்களையைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அதனால் வரைவின் ஓரத்தில் இப்போதெல்லாம் நான் ஒரே கேள்வியைத்தான் எழுதுகிறேன்: உன் அடுக்களை எது?

கான்கிரீட் போட்டால் கிணறு வற்றும் என்பதற்கு அவளுடைய அடுக்களை எது? ‘முன்னைவிடக் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது’ என்று நாற்பது பேர் சொல்வது அடுக்களை ஆகாது. கிணறு வற்ற ஆயிரம் காரணம் உண்டு. மழை குறைந்திருக்கலாம். பக்கத்துக் காட்டில் ஆயிரம் அடிக்கு போர் போட்டிருக்கலாம். சோளம் போட்ட நிலத்தில் வாழை வந்திருக்கலாம். அணையில் தண்ணீர் இல்லாமல் வாய்க்கால் ஓடிய நாளே குறைந்திருக்கலாம். புகை மட்டும் தெரிகிறது. அது பனியாகவும் இருக்கலாம்.

அவள் விடவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். அந்த ஆகஸ்டில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் ஆறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தாள். மேட்டுப்பக்கம் இரண்டு, பாசனம் ஆகிற பள்ளப்பக்கம் நான்கு. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தாள், திறந்து சில வாரம் கழித்து மறுபடி அளந்தாள். பள்ளப்பக்கம் நன்றாக ஏறியிருந்தது, மேட்டுப்பக்கம் அவ்வளவாக இல்லை. மழை இரண்டு பக்கமும் ஒன்றுதானே? அப்படியென்றால் வித்தியாசம் வாய்க்கால் கசிவால்தான் என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் வாசற்படி வரைக்கும் போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள். “சார், பள்ளத்துல நெல்லு நட்டிருக்காங்களே. வயல்ல நிக்கற தண்ணியும் கீழ எறங்குமுங்களே?”

ஆமாம். வயலில் கட்டி நிற்கிற தண்ணீரும் கிணற்றுக்குத்தான் போகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டாலும் வயலுக்கு யாரும் போடப்போவதில்லை. அப்படியானால் அளந்த ஏற்றத்தில் எவ்வளவு வாய்க்காலுடையது, எவ்வளவு வயலுடையது? எனக்குப் பதில் தெரியவில்லை. வழி கண்டுபிடித்ததும் அவள்தான். அந்த முறையில் தண்ணீர் வராத மதகின் கீழ் இருக்கிற, ஆனால் வாய்க்காலை ஒட்டியிருக்கிற கிணற்றைப் பார்த்தால் போதும். அங்கே வாய்க்கால் ஓடும், வயல் காய்ந்து கிடக்கும். அவள் அளந்த நான்கில் இரண்டு அப்படிப்பட்டவை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று ஊரில் குழந்தைக்கும் தெரிந்த முறை, ஆய்வுக்கு இப்படி உதவும் என்று நான் யோசித்ததே இல்லை.

கடைசியில் அவள் எழுதிய பத்தி இது: ‘அளந்த ஆறு கிணறுகளில், அந்த முறை பாசனம் இல்லாத மதகுப் பகுதியில் வாய்க்காலை ஒட்டிய இரண்டு கிணறுகளிலும் நீர்மட்டம் உயர்ந்தது. மேட்டுப்பக்கக் கிணறுகளில் அந்த அளவு உயர்வு இல்லை. எனவே உயர்வில் ஒரு பங்கு வாய்க்கால் கசிவால் வந்தது என்று கருத இடமிருக்கிறது. அடுத்த மதகின் வயலிலிருந்து ஊறி வந்திருக்கவும் கூடும். எவ்வளவு பங்கு என்று சொல்ல ஆறு கிணறு போதாது. கடைமடையில் நான் அளக்கவில்லை. என் தந்தைவழிக் குடும்பத்துக்கு வாய்க்காலை ஒட்டியும், தாய்வழிக் குடும்பத்துக்குக் கடைமடையிலும் நிலம் உண்டு.’

முதல் வரைவோடு ஒப்பிட்டால் இதில் சத்தம் குறைவு. ஆனால் இதை மறுக்க வருகிறவர் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளே காட்டிக் கொடுத்திருக்கிறாள். கூடுதலாகக் கிணறு அளக்கலாம், கடைமடைக்குப் போகலாம். அடுத்து வருகிறவருக்கு வேலை கிடைக்கிறது. ‘ஐயமில்லை’ என்று எழுதிய வரைவில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

தமிழ் ஆய்வேடுகளுக்கென்றே வளர்ந்த சில வாக்கிய முடிவுகள் உண்டு. ‘என்றால் அது மிகையாகாது’, ‘என்பதில் ஐயமில்லை’, ‘என்பது வெள்ளிடைமலை’, ‘சொல்லவும் வேண்டுமோ’. ஆதாரம் வர வேண்டிய இடத்தில் இவை வந்து உட்கார்ந்துகொள்ளும். மிகையா இல்லையா என்று வாசகர் பார்த்துக்கொள்வார், எழுதுகிறவர் சான்றிதழ் தர வேண்டியதில்லை. ‘கூறப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ இன்னொரு வகை. கூறியவர் ஓடி ஒளிந்துகொண்ட வினை அது. ஒருவர் சொன்னதை எந்த வினை போட்டு எடுத்துச் சொல்கிறோம் என்பதிலேயே நம் மதிப்பீடு இருக்கிறது. ‘என்கிறார்’ என்றால் அவர் பொறுப்பு. ‘காட்டுகிறார்’ என்றால் ஆதாரத்தை நாமும் பார்த்துவிட்டோம் என்று பொருள். ‘நிறுவுகிறார்’ என்றால் கேள்வியே இல்லை, நாமும் கையெழுத்துப் போட்டாயிற்று. மாணவர்கள் ஒரே பத்தியில் மூன்றையும் ஓசைக்காக மாற்றி மாற்றிப் போடுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். மூன்று விதமான வாக்குமூலம் கொடுத்திருக்கிறோம் என்று தெரியாது.

முன்னாய்வுகளை எழுதுகிற இயலைத் திறந்தால் இன்னொரு வியாதி. 2008இல் இவர் இப்படிச் சொன்னார், 2012இல் அவர் அப்படிச் சொன்னார், 2015இல் இன்னொருவர் வேறு மாதிரி சொன்னார் என்று கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி வரிசையாகப் போகும். யார் எவ்வளவு வைத்தார் என்று தெரியும். ஒருவர் சொன்னதற்கும் அடுத்தவர் சொன்னதற்கும் என்ன உறவு, இதில் எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாது.

இதற்கு மருந்து நன்னூலில் இருக்கிறது என்று சொன்னால் இலக்கண வகுப்பு ஞாபகம் வந்து பலர் ஓடிவிடுவார்கள். அதன் பாயிரத்தில் ‘எழுவகை மதம்’ என்று ஒரு சூத்திரம். மதம் என்றால் இங்கே கொள்கை, ஒரு நூலாசிரியன் எடுக்கிற நிலை. உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதமேற்கொண்டு களைவு, தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு, இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு, பிறர்நூற் குற்றங் காட்டல், பிறிதொடு படாஅன் தன்மதங் கொளல். பிறர் எழுத்துக்கு முன்னால் நாம் நிற்கக்கூடிய இடங்களில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும். முன்னாய்வு இயலின் ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் இந்த ஏழில் எது என்று பென்சிலால் குறித்துப் பார்க்கச் சொல்வேன். எதுவும் பொருந்தவில்லை என்றால் அது மொய் நோட்டுப் பத்தி.

ஏழில் எனக்குப் பிடித்தது மூன்றாவது. பிறர் கொள்கையை முதலில் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, அதன் முழு வலுவோடு சொல்லிவிட்டு, அப்புறம் களைவது. மறுத்தலும் இதுவும் ஒன்றில்லை. மறுக்கிறவர் எதிராளியைச் சோளக்கொல்லைப் பொம்மையாகச் செய்து அடிக்கலாம். இதில் அது முடியாது. கடைமடைக்காரரின் வாதத்தை, அப்புச்சியே படித்துவிட்டு ‘நான் சொல்றதுக்கு மேலயே சொல்லிப்போட்டியே சாமி’ என்று தலையாட்டுகிற மாதிரி எழுதிவிட்டு, அதற்கு மேல்தான் மறுப்பைத் தொடங்க வேண்டும். இதைச் செய்து பார்த்தால் சில சமயம் மறுப்பே மிஞ்சாது. அதுவும் நல்லதுதான்.

அதே பாயிரத்தில் மாணாக்கர் வகைகள் வருகின்றன. அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. சொன்னதைச் சொல்கிற கிளியைக் கடையில் வைக்கவில்லை, அந்தத் தாராளத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் இருப்பவர்களில் ஒருவர் நெய்யரி, நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிற பன்னாடை. ஒரு நல்ல கட்டுரையைப் படித்துவிட்டு அதன் வாதத்தை விட்டுவிட்டு, முன்னுரையில் இருந்த வரையறையையும் முடிவுரையில் இருந்த வாழ்த்தையும் மட்டும் குறிப்பெடுத்து வருகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் ஞாபகம் வரும். வாயை விட்டுச் சொல்வதில்லை.

இதையெல்லாம் எழுதிய பவணந்தி முனிவர் நம்ம ஊர்க்காரர் என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் பிறந்த ஊர் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த மாணவியிடமும் சொன்னேன். அவள் கையில் பென்சில் இருந்தது.

“உங்க அடுக்களை எதுங்க சார்?”

சரி, ஒடித்துப் பார்ப்போம் என்று இறங்கினோம். நன்னூலின் சிறப்புப் பாயிரம் தருவது ‘சனகை’ என்ற பெயரைத்தான். ‘பொன்மதிற் சனகை’ என்கிறது. அந்தச் சனகை சீனாபுரம்தான் என்பது பெயர் ஒலிக்கிற விதத்தை வைத்துச் சொல்வது. ஒலி ஒத்துப்போவது தேடிப் பார்க்க ஒரு காரணம், தேடல் முடிந்ததற்கு அத்தாட்சி இல்லை. பக்கத்து விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இருக்கிறது. பவணந்தியும் சமணர். ஆனால் கோயில் காட்டுவது இங்கே சமணர்கள் வாழ்ந்தார்கள் என்பதை. இவர் வாழ்ந்தார் என்பதை இல்லை. நன்னூலைப் பாடச் சொன்ன சிற்றரசன் சீயகங்கனோ கங்க மரபினன். கங்கர் என்றால் கோலார்ப் பக்கம். அதனால் சனகை கன்னட நாட்டுப் பக்கம் இருந்தது என்று கொள்வோரும் உண்டு. அதுவும் முடிந்த வழக்கு இல்லை, புரவலன் எந்த மரபோ புலவனும் அந்த ஊர்தான் என்று எங்கே இருக்கிறது? நூல் 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது என்பதில் மட்டும் பெரிய தகராறு இல்லை.

‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ என்று ஒரு பக்கம் துணிய ஆசைதான். கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் துணிய முடியவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ‘பாயிரம் கூறும் சனகை, கொங்கு நாட்டுச் சீனாபுரம் என்று கொள்வோர் உண்டு. பெயர் ஒப்புமையும் சுற்றுப்புறச் சமண எச்சங்களும் அதற்குத் துணை. பாயிரத்தில் நாட்டின் பெயர் இல்லை’ என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் வலித்தது.

அவள் படித்துவிட்டுத் தலையாட்டினாள். அப்புறம் கேட்டாள்: “சார், உங்களுக்கு எந்த ஊருங்க?”

சீனாபுரத்துக்கு எங்கள் ஊர் கூப்பிடு தூரம். சாக்பீஸை மறுபடி எடுத்து, கடைசி வரிக்குக் கீழே அதையும் எழுதினேன்.